கட்டடம் நிற்கிறது; வாழ்ந்தவர்கள் எங்கே?

ஜொகூர் பாருவின் பழைய நகரப் பகுதியில் வளர்ந்த பெரியவர்களிடம், அந்தக் காலத்து டவுன் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். கட்டடத்தின் உயரத்தையோ தூணின் வேலைப்பாட்டையோ அவர்கள் முதலில் சொல்லமாட்டார்கள். கீழே எந்தக் கடை, மேலே எந்தக் குடும்பம், அஞ்சடியில் யார் உட்கார்ந்திருந்தார் என்றுதான் தொடங்குவார்கள். ஊர் என்பது வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும் அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இந்த ஊருக்கு வயது அதிகமில்லை. 1855ஆம் ஆண்டில் தெமெங்கோங் டாயெங் இப்ராஹிம் காலத்தில் தஞ்சோங் புத்ரி என்ற பெயரில் உருவான கரையோரக் குடியிருப்புதான், அவருடைய மகன் அபு பக்கார் காலத்தில் ஜொகூர் பாரு ஆனது. மிளகும், தோல் பதனிடவும் சாயம் ஏற்றவும் பயன்பட்ட கம்பீரும் ஊரை வளர்த்தன. அந்த வணிகத்தில் உயர்ந்த தான் ஹியோக் நீயின் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. கட்டடக் குத்தகையாளர் வோங் ஆ ஃபூக் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. சலவைத் தொழிலாளர் பெயரால் ஜாலான் டோபி இருக்கிறது. பெரிய முதலாளிக்கும் தெருவுண்டு, துணி வெளுத்தவருக்கும் தெருவுண்டு! அது இந்த ஊரின் பெருமை.

ஜாலான் துருஸ் பக்கம் போனால் 19ஆம் நூற்றாண்டுச் சீனக் கோயில் நிற்கிறது. அதே சாலையில் சீக்கியர்களின் குருத்வாரா. சில நிமிட நடையில், ஜாலான் உங்கு புவானில், 1911ல் எழுந்த அருள்மிகு ராஜமாரியம்மன் ஆலயம். அருகிலேயே ஜாலான் கெரெஜாவில் கத்தோலிக்க தேவாலயம். மணியோசையும் மேளமும் ஊதுவத்தி மணமும் ஒரே வட்டாரத்தில் கலந்து வாழ்ந்தன.

1909ல் ஜொகூர் ரயில் பாதை முடிந்தது. ஆனாலும் சிங்கப்பூருக்குப் போக நீரிணையைப் படகில்தான் கடக்க வேண்டியிருந்தது. 1924 ஜூன் 28ஆம் தேதி கடற்பாலம் முறைப்படி திறக்கப்பட்ட பிறகு ஊரின் தலையெழுத்தே மாறியது. ரயிலில் வந்தவரும், பேருந்தில் வந்தவரும், எல்லை தாண்டி வேலைக்குப் போனவரும் அந்தப் பழைய கடைத்தெருவில்தான் பசியாறினார்கள்.

அந்தக் கடைவீடுகளின் அமைப்பே தனி. கீழே வியாபாரம், மேலே குடித்தனம். முன்னால் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்க அஞ்சடி. இந்தக் கூரைபோட்ட நடைபாதை, 1822ல் சிங்கப்பூர் நகரத் திட்டத்தில் ராஃபிள்ஸ் வகுத்த விதியிலிருந்து மலாயா நகரங்களுக்கெல்லாம் பரவியது. பணக்காரன் கட்டிய கட்டடத்தின் முன்புறத்தில் ஏழைக்கும் ஐந்து அடி இடம்! பூ கட்டவும் வெற்றிலை பாக்கு விற்கவும் செருப்புத் தைக்கவும் அந்த ஐந்து அடி போதுமானதாக இருந்தது.

இத்தனையும் இருந்த இடம் ஏன் களையிழந்தது? பழியைப் பெரிய பேரங்காடிகளின் மீது மட்டும் போடுவது சுலபம். உண்மை அவ்வளவு எளிதல்ல. மூன்று அடிகள் அடுத்தடுத்து விழுந்தன.

முதல் அடி, வாடகை. 1948 ஜனவரி இறுதிக்குள் கட்டப்பட்ட பழைய கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டிப் போட்டிருந்தது. அந்தச் சட்டம் 1997ல் நீக்கப்பட்டது. அவகாசக் காலம் 1999 இறுதியோடு முடிந்தது. தலைமுறை தலைமுறையாகச் சிறு வாடகையில் இருந்தவர்களுக்குப் புதிய வாடகை எட்டாக்கனி ஆனது. இரண்டாவது அடி, 2008 டிசம்பரில் புதிய சுங்க, குடிநுழைவு வளாகம் திறக்கப்பட்டது. முன்பு சோதனைச் சாவடியை விட்டு வெளியே வந்தால் எதிரே பழைய டவுன்தான். பிறகு நடைபாலம் வழியாகவே ரயில் நிலையத்துக்கும் பேரங்காடிக்கும் போய்விடலாம் என்றானது. பழைய தெரு காலுக்குக் கீழே கிடந்தது. மூன்றாவது அடி, 2009ல் மாநில நிர்வாகம் கோத்தா இஸ்கண்டாருக்குப் பெயர்ந்தது. அலுவலகத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு வந்த கூட்டமும் பெயர்ந்தது.

ஒரு கேள்வி எழலாம். வாடகைக் கட்டுப்பாடு மட்டும் நியாயமா? வீட்டுக்காரருக்கு வந்த சொற்ப வாடகையில் ஒழுகும் கூரையை மாற்ற முடியுமா? முடியாதுதான். பல கட்டடங்கள் பழுதானதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம். ஆக, குடியிருப்பவரைக் காப்பாற்றிய சட்டம் கட்டடத்தைக் காப்பாற்றவில்லை. சட்டம் போன பிறகு கட்டடத்துக்குச் சாயம் பூசப்பட்டது, குடியிருந்தவர் போய்விட்டார். பினாங்கிலும் இதே கதைதான். 2008ல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ஆனால் வாடகை உயர்ந்தபோது வெளியேறிய பழைய குடித்தனங்களை அந்தப் பட்டியலால் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

ஜொகூர் பாருவிலும் நல்லது நடக்காமல் இல்லை. ஜாலான் தான் ஹியோக் நீ பாரம்பரியத் தெருவாகப் புதுப்பிக்கப்பட்டு, சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். 1919ல் தொடங்கிய ஹியாப் ஜூ ரொட்டிக்கடை அதே தெருவில் விறகடுப்பில் ரொட்டி சுட்டுப் பெயர் பெற்றது. 1937ல் தொடங்கிய சலாஹுடின் ரொட்டிக்கடை ஜாலான் டோபியில் பெயர் சொல்லியது. மக்கள் இவற்றைத் தேடிப் போனது சுவரைப் பார்க்க அல்ல. உள்ளே அதே தொழில், அதே கை, அதே மணம் தொடர்ந்ததால்தான்.

சீன சமூகம் 2009ல் ஜாலான் இப்ராஹிமில் தன் வரலாற்றுக்கு ஓர் அருங்காட்சியகம் திறந்தது. பழைய படங்களும் கணக்கேடுகளும் பெட்டியில் கிடந்து செல்லரிக்காமல் பொதுச் சொத்தாயின. தமிழர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. ஆலயத்துக்குக் கல்வெட்டு உண்டு, ஆண்டறிக்கை உண்டு. பூக்கடைக்கு எது கல்வெட்டு? முடிதிருத்தகத்துக்கும் மளிகைக்கடைக்கும் எது ஆண்டறிக்கை? 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் கட்டடத்தைப் பதிவு செய்யலாம். மாடியில் வாடகைக்கு இருந்த குடும்பத்தின் நினைவை வீட்டார்தான் பதிவு செய்ய வேண்டும்.

அதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. தாத்தா பாட்டி இருக்கும்போதே கேளுங்கள். எந்தத் தெரு, எந்த எண், எந்த ஆண்டு, பக்கத்துக் கடை யாருடையது, மாத வாடகை எத்தனை வெள்ளி? பழைய படத்தின் பின்புறத்தில் அதை எழுதி வையுங்கள். கட்டடம் இடிந்தால் படம் பார்த்து இன்னொன்று கட்டிவிடலாம். அதற்குள் வாழ்ந்தவரை அறிந்த கடைசி மனிதரும் போய்விட்டால், யாரைக் கேட்பது?