வைஃபை பாஸ்வேர்டு மறந்துடுச்சா? உங்க போன்லயே இருக்கு!

ரூட்டரை ரீசெட் செய்ய வேண்டாம். ஏற்கெனவே இணைந்திருக்கும் போன், கம்ப்யூட்டரிலேயே பாஸ்வேர்டைப் பார்க்கலாம்.

ஆண்ட்ராய்டு 10 முதல்: வைஃபை செட்டிங்ஸில் இணைப்பின் பெயரைத் தட்டி 'ஷேர்' கொடுங்க. கைரேகை அல்லது பின் கேட்கும். பல போன்களில் க்யூஆர் கோடுக்குக் கீழேயே பாஸ்வேர்டு இருக்கும்.

ஐபோன், ஐஓஎஸ் 16 முதல்: செட்டிங்ஸ் > வைஃபை > பெயருக்கு அருகிலுள்ள 'ஐ' > பாஸ்வேர்டு.

விண்டோஸ்: கன்ட்ரோல் பேனல் > நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர் > வைஃபை பெயர் > வயர்லெஸ் ப்ராப்பர்ட்டீஸ் > செக்யூரிட்டி > 'ஷோ கேரக்டர்ஸ்'.

கவனம்: க்யூஆர் கோடும் பாஸ்வேர்டுதான், வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீங்க. 2008 அகமதாபாத் குண்டுவெடிப்பு மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவரின் வைஃபை வழியாகப் போனது. போலீஸ் முதலில் போய் நின்றது அவர் வீட்டில்தான். சந்தேகம் வந்தால் உடனே பாஸ்வேர்டை மாத்திடுங்க.