டை கட்டாத ஆள் படித்த முதல் வார்த்தை

பிளஸ் டூ உயிரியலில் 64 கட்டம் போட்ட ஒரு அட்டவணை வருமே, ஞாபகம் இருக்கா? யூயூயூ என்றால் ஃபினைல்அலனின், ஏயூஜி என்றால் மெத்தியோனின்... மனப்பாடம் பண்ணி, பரீட்சை எழுதி, மறுநாளே மறந்த கோஷ்டியில் நானும் ஒருத்தன். அந்த முதல் கட்டத்தை நிரப்ப எத்தனை பேர் மண்டையை உடைச்சுக்கிட்டாங்கன்னு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

1953-ல் வாட்சனும் கிரிக்கும் டிஎன்ஏவின் அமைப்பைச் சொல்லிவிட்டார்கள். அடுத்த கேள்வி: நாலே எழுத்து, 20 அமினோ அமிலம். எந்த எழுத்து எதைக் குறிக்கும்? இரண்டிரண்டாகச் சேர்த்தால் 16 வார்த்தைதான், பத்தாது. மூன்று மூன்றாகச் சேர்த்தால் 64. இப்போ ரொம்ப அதிகம்!

1954-ல் ஜார்ஜ் கேமோவ் என்ற இயற்பியலாளர் இதற்காகவே ஒரு கிளப் ஆரம்பித்தார். ஆர்என்ஏ டை கிளப். 20 உறுப்பினர்கள், ஆளுக்கொரு அமினோ அமிலம், ஆர்என்ஏ படம் போட்ட டை. ஜாலியான கூட்டம்தான், ஆனா எல்லாம் பெரிய தலைகள்.

1957-ல் கிரிக்கும் நண்பர்களும் ஒரு அழகான விடை சொன்னார்கள். ஓலைச்சுவடியில் புள்ளியும் இடைவெளியும் இல்லாததை எங்கே பிரித்துப் படிப்பது என்று திணறுவோமே, செல்லுக்கும் அதே பிரச்சினைதானே? அதனால் எங்கிருந்து படித்தாலும் குழப்பம் வராத வார்த்தைகளுக்கு மட்டும்தான் அர்த்தம் உண்டு என்றார்கள். யூயூயூ மாதிரி ஒரே எழுத்து மூன்று முறை வருகிற நாலும் அவுட். மிச்சம் 60. அவற்றை மும்மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றை எடுத்தால் சரியாக 20! இவ்வளவு கச்சிதமா வந்தா யாருக்குத்தான் நம்பத் தோணாது?

அமெரிக்காவின் பெதஸ்டாவில் மார்ஷல் நிரன்பர்க் என்ற இளைஞர் இருந்தார். கிளப்பில் இல்லை, டையும் இல்லை. அவரோடு ஜெர்மனியிலிருந்து வந்த ஹைன்ரிக் மத்தாய். இவர்கள் கணக்குப் போடவில்லை. ஈ.கோலை பாக்டீரியாவை அரைத்து, அந்தச் சாறு சோதனைக் குழாயிலேயே புரதம் தயாரிக்கும்படி செய்தார்கள். அதில் யூ எழுத்து மட்டுமே கொண்ட செயற்கை ஆர்என்ஏவைப் போட்டார்கள். எந்த அமினோ அமிலம் சங்கிலியாகக் கோக்கப்படுகிறது என்று தெரிய, கதிரியக்க அடையாளம் வைத்து ஒவ்வொன்றாக வடிகட்டினார்கள். 1961 மே 27 விடியற்காலை, நிரன்பர்க் ஊரில் இல்லாதபோது, மத்தாய்க்கு விடை கிடைத்தது. ஃபினைல்அலனின், அது மட்டுமே!

அர்த்தமே கிடையாது என்று கிரிக் ஒதுக்கிய யூயூயூதான் மனுஷன் படித்த முதல் வார்த்தை. (மூன்று எழுத்து ஒரு வார்த்தை என்பதற்கு அந்த வருஷக் கடைசியில் சோதனை ஆதாரம் தந்ததும் கிரிக், பிரென்னர் குழுதான்.)

அந்த ஆகஸ்டில் மாஸ்கோ மாநாட்டில் நிரன்பர்க் இதைச் சொன்னபோது கேட்க இருந்தது கொஞ்சம் பேர்தான். யாருக்கும் அவரைத் தெரியாது. கேட்டவர்களில் ஒருவரான மெசல்சன் போய் கிரிக்கிடம் சொன்னார். கிரிக் என்ன செய்தார் தெரியுமா? பெரிய அரங்கில் எல்லார் முன்னாலும் நிரன்பர்க்கை மறுபடி பேச வைத்தார். தன்னோட அழகான கொள்கையைச் சுக்குநூறாக்கியவருக்குத் தானே மேடை போட்டுக் கொடுத்தார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம் வேகம்தான். பஞ்சாபின் ராய்ப்பூரில் (இன்று பாகிஸ்தானில்) பிறந்த ஹர்கோபிந்த் கொரானா விஸ்கான்சினில் எழுத்துகளை வரிசையாகக் கோத்து ஆர்என்ஏ தயாரித்தார். 1966-க்குள் 64-ம் தெரிந்துவிட்டது. 61 வார்த்தைகள் அமினோ அமிலங்களுக்கு, மூன்று முற்றுப்புள்ளிக்கு. லூசினுக்கு ஆறு வார்த்தை! செல் பெரும்பாலும் ஏயூஜியில் தொடங்கி மும்மூன்றாகப் படித்துக்கொண்டே போகிறது. இவ்வளவுதான் ரகசியம்.

1968-ல் நிரன்பர்க், கொரானா, ஹோலி மூவருக்கும் நோபல் பரிசு. அன்று விடியற்காலை கண்விழித்த மத்தாய்க்கு இல்லை.

உங்க வீட்டுப் பிள்ளை அந்த அட்டவணையை உருப்போட்டுக்கிட்டிருந்தா, முதல் கட்டத்தைக் காட்டி அந்தப் பேரையும் சொல்லிடுங்க. பரீட்சைக்கு வராது, பரவாயில்லை :-)