கரண்ட் போய் வந்ததும் கம்ப்யூட்டரில் 'டிஸ்க் செக்' ஓடுகிறதா? பாதியில் நிறுத்தலாமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் இங்கே மக்காச்சோளம், பருத்தி, உளுந்து விதைக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் விதைப்பும் நடக்கும், பயிர்க் காப்பீட்டுப் பதிவும் நடக்கும். இடி மின்னலோடு மழை வருவதும், கரண்ட் போவதும் அதே மாதங்களில்தான்.

சிட்டா, அடங்கல், ஆதார், பேங்க் பாஸ்புக்கோடு விவசாயிகள் பொது சேவை மையத்தில் வரிசையில் நிற்கும்போது கரண்ட் போனால், திரும்பி வந்த பிறகும் சிக்கல் தீராது. கம்ப்யூட்டரை ஆன் செய்தால் விண்டோஸ் வராது. கறுப்புத் திரையில் 'ஸ்கேனிங் அண்ட் ரிப்பேரிங் டிரைவ்' என்று ஒரு வரி, பக்கத்தில் 10 சதவீதம். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அதே 10. பதிவுக்கு அன்றே கடைசி தேதி என்றால், பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கத்தான் கை போகும். அதைச் செய்யலாமா?

இந்தச் சோதனை ஏன் வருகிறது?

ஒரு மிளகாய் மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டை குடோனுக்குள் போய்விட்டது. கணக்கு நோட்டில் ஏற்றும் முன் விளக்கு அணைந்துவிட்டது. மறுநாள் இருப்பும் கணக்கும் ஒத்துப்போகாது. கடை திறக்கும் முன் ஒரு தடவை எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

கம்ப்யூட்டர் டிஸ்க்கிலும் ஃபைல்கள் ஓர் இடத்தில் இருக்கும், எந்த ஃபைல் எங்கே என்ற கணக்கு இன்னோர் இடத்தில் இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் இரண்டுக்கும் இடையே முரண்பாடு வரலாம். அப்படிச் சந்தேகம் இருந்தால் விண்டோஸ் அந்த டிரைவில் ஓர் அடையாளம் வைக்கும். அடுத்த முறை ஆன் செய்யும்போது அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் 'செக் டிஸ்க்' தானாக ஓடுகிறது.

1993-ல் விண்டோஸ் என்டி-யுடன் வந்த 'என்டிஎஃப்எஸ்' முறை, செய்யப்போகும் மாற்றத்தை முதலில் நாள் சிட்டையில் குறித்துக்கொண்டு பிறகு பேரேட்டில் ஏற்றும் முறை. அதனால் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் சோதனை வருவதில்லை. ஆனால் அந்தச் சிட்டை காப்பாற்றுவது கணக்கை மட்டும்தான். சேவ் செய்யாமல் டைப் அடித்துக்கொண்டிருந்தது போனது போனதுதான்.

பாதியில் அணைத்தால் என்ன ஆகும்?

சோதனை வெறுமனே பார்ப்பதோடு நிற்பதில்லை, கணக்கைத் திருத்தி எழுதவும் செய்கிறது. திருத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் பவரை அணைத்தால், முதல் மின்வெட்டு செய்ததை நாமே இன்னொரு தடவை செய்கிறோம். பல நேரம் ஒன்றும் ஆகாது, அடுத்த முறை சோதனை முதலிலிருந்து ஓடும், அவ்வளவுதான். ஆனால் கெட்ட நேரத்தில் அணைத்தால் ஃபைல்கள் காணாமல் போகலாம், விண்டோஸே திறக்காமல் போகலாம்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது?

கணக்கை மட்டும் சரிபார்த்தால் சில நிமிடங்களில் முடியும். டிஸ்க்கின் மூலை முடுக்கெல்லாம் படித்துப் பார்க்கும் முழுச் சோதனை என்றால் கதை வேறு. 1 டிபி ஹார்டு டிஸ்க்கை விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தால் 10,000 விநாடி, அதாவது சுமார் இரண்டே முக்கால் மணி நேரம். பழுதான இடங்கள் இருந்தால் இன்னும் கூடும்.

சதவீதம் ஒரே எண்ணில் நிற்பதால் மட்டும் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. சிபியு-வில் ஹார்டு டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. ராத்திரி முழுக்க விட்டும் எண் மாறவில்லை, விளக்கும் அசையவில்லை என்றால் டிஸ்க்கைச் சந்தேகப்படலாம்.

கடைசி தேதி, காத்திருக்க முடியாது என்றால்?

சோதனை தொடங்கும் முன் சில விநாடிகள், 'தவிர்க்க ஏதாவது ஒரு கீயை அழுத்தவும்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அப்போது அழுத்தினால் சோதனை அன்றைக்குத் தள்ளிப்போகும். தொடங்கிவிட்டால் விட்டுவிடுவதே நல்லது.

ஒன்றை மறக்க வேண்டாம். காப்பீடு, தேர்வு விண்ணப்பம் போன்றவை பதிவாவது இணையதளத்தின் சர்வரில், இந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் அல்ல. சோதனை முடியும்வரை அந்த வேலை நின்றுபோக வேண்டியதில்லை. ஆவணங்கள் கையில் இருந்தால் வேறு மையத்திலோ வேறு கம்ப்யூட்டரிலோ பதிவை முடிக்கலாம். கரண்ட் போன நேரத்தில் பணம் கட்டிக்கொண்டிருந்தால், ரசீது வந்ததா என்று பார்த்த பிறகே மறுபடி கட்ட வேண்டும்.

அரசு லேப்டாப்பில் வந்தால்?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அதில் கொடுத்த பல லேப்டாப்களில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. பேட்டரி செத்துப்போன பழைய லேப்டாப் என்றால், கரண்ட் போனதும் டெஸ்க்டாப் மாதிரியே பட்டென்று அணைந்துவிடும்.

லினக்ஸில் இந்தச் சோதனையின் பெயர் 'எஃப்எஸ்சிகே'. சிறு பிழைகளைத் தானே சரிசெய்துவிடும். பெரிய பிழை என்றால், 'கையால் ஓட்டுங்கள்' என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கறுப்புத் திரையில் நின்றுவிடும். இது பூட்டிக்கொண்டது அல்ல, உத்தரவு கேட்கிறது. தெரிந்தவரிடம் காட்டி அந்தக் கட்டளையைக் கொடுக்கச் சொல்லலாம். உடனே ஃபார்மட் செய்ய வேண்டியதில்லை.

ஆன் செய்யும்போதெல்லாம் வந்தால்?

கரண்ட் போகாமலேயே தினமும் சோதனை வந்தால் டிஸ்க் பழுதாகிக்கொண்டிருக்கலாம். 'டிக் டிக்' என்று சத்தமும் கேட்டால் மறுபடி மறுபடி சோதனை ஓட்டக் கூடாது. சாகப்போகும் டிஸ்க்குக்கு முழுச் சோதனையே பெரிய சுமை. முதலில் முக்கியமான ஃபைல்களை வேறு டிரைவில் காப்பி எடுக்க வேண்டும், ரிப்பேர் பிறகு.

வராமல் தடுக்க

* டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் வையுங்கள். அது தரும் 10, 15 நிமிடம் வேலையைத் தொடர்வதற்கு அல்ல, சேவ் செய்து முறையாக ஷட் டவுன் செய்வதற்கு.
* வீட்டு இன்வெர்ட்டர் கரண்ட் மாறும் இடைவெளியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகலாம். இன்வெர்ட்டரில் 'யுபிஎஸ்' என்ற சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள்.
* இடி இடிக்கும்போது ஷட் டவுன் செய்து பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.
* ஸ்கேன் செய்த ஆவணங்களுக்குப் பென் டிரைவில் ஒரு காப்பி வையுங்கள். சோதனை சரிசெய்வது டிஸ்க்கின் கணக்கைத்தான். தொலைந்த ஃபைலை அது திருப்பித் தரும் என்று உத்தரவாதம் இல்லை.