பழங்குடி

குடி என்றால் வீடு, குடும்பம், மரபு, மன்னன் கீழ் வாழும் மக்கள். பழமை சேர்ந்தால் பழங்குடி. திருக்குறளின் குடிமை அதிகாரத்தில் இச்சொல் வருகிறது. தொன்றுதொட்டு வரும் நற்குடும்பம், கைப்பொருள் சுருங்கினாலும் பண்பு குன்றாதது என்பது அங்கே பொருள். காட்டுக்கும் மலைக்கும் அதில் வேலையே இல்லை. அந்தப் பெருமிதச் சொல்தான் இன்று சான்றிதழில் ஒரு பிரிவின் பெயர்.

இந்தியாவில் அரசமைப்பின் 342ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் அறிவிக்கும் பட்டியலில் இடம்பெறுவோரே பட்டியல் பழங்குடியினர். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கை (1989) வேறு வழியில் போகிறது: ஒரு மக்கள் தம்மை எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்பதே அதில் அடிப்படை அளவுகோல். இந்தியா அதில் சேரவில்லை. பூர்வகுடிகளின் உரிமைகள் குறித்த 2007ஆம் ஆண்டு ஐ.நா. பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. கூடவே, இந்தியர் அனைவருமே பூர்வகுடிகள் என்றும் சொல்லிவைத்தது. எல்லாரும் பூர்வகுடி என்றால் உரிமை கேட்பது யார், கொடுப்பது யார்?

குடி என்பதன் 'குடும்பம்' என்ற மரபுப் பொருள் உயிரோடிருக்கும் இடம் அப்பிரகடனத்தின் 7ஆம் பிரிவு. ஓர் இனத்தின் பிள்ளைகளை வலுக்கட்டாயமாக வேறோர் இனத்திடம் ஒப்படைப்பதை அது வன்முறைகளில் ஒன்றாக எண்ணித் தடுக்கிறது. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துவைத்த கனடாவின் உறைவிடப் பள்ளிகளும், அப்படியே பிரிக்கப்பட்ட ஆஸ்திரேலியாவின் 'களவாடப்பட்ட தலைமுறை'யும் அதற்குப் பின்னணி. அந்த இரு நாடுகளும் 2007இல் பிரகடனத்தை எதிர்த்தே வாக்களித்தன.