மிருகக்காட்சிசாலையின் அன்றாடச் செலவு

பெங்களூர் லால்பாகை மலர்த்தோட்டமாகவே நம்மவர் அறிவர். 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு மிருகக்காட்சிசாலையும் இருந்தது. மரங்கள் நிலைத்தன; கூண்டுகள் மறைந்தன. கட்டடம் எழுப்பும் செலவு ஒருமுறையே. புலிக்கு இறைச்சியும் யானைக்குத் தழையும் நாள்தோறும் வேண்டும். கஜானா வறண்டதென்று விலங்கின் பசியை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்க இயலுமோ?

மைசூரில் 1892இல் மகாராஜா சாமராஜேந்திர உடையார் தோற்றுவித்த காட்சிசாலையை அரண்மனையே பேணிற்று. மன்னராட்சி மறைந்தபின், 1979இல் கர்நாடக மிருகக்காட்சிசாலை ஆணையம் தன்னாட்சி அமைப்பாக உருவாயிற்று. நுழைவுக் கட்டணம் பராமரிப்புக்குப் பயன்பட வழி பிறந்தது. பின்னர், விலங்கைத் தத்தெடுத்து அதன் உணவுச் செலவைப் பொதுமக்கள் ஏற்கும் திட்டமும் வந்தது. 2002இல் தேசியப் பூங்காவினின்று தனியாகப் பிரிக்கப்பட்ட பெங்களூர் பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவும் இவ்வாணையத்தின்கீழ் இயங்குகிறது. அங்கே நாம் வாங்கும் சீட்டில் ஓர் உயிரின் உணவும் அடங்கியிருக்கிறது.