தீபாவளி டிக்கெட்டும் மூன்று கேள்விகளும்

பெங்களூர் தமிழ்க் குடும்பங்களுக்குத் தீபாவளி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பலகாரம் இல்லை, ஊருக்குப் போக பஸ் டிக்கெட்! மடிவாளாவிலும் கலாசிபாளையத்திலும் ஒவ்வொரு ஏஜெண்டாக ஏறி இறங்கியவர்களுக்கு அந்தப் பாடு தெரியும்.

2005 தீபாவளிக்கு ஐதராபாத் போக டிக்கெட் கிடைக்காமல் இங்கேயே தங்கிவிட்டார் பணீந்திர சாமா என்ற இளம் பொறியாளர். பிலானியில் கூடப் படித்த நண்பர்கள் இருவரோடு சேர்ந்து 2006-ல் ரெட்பஸ் தளத்தைத் தொடங்கினார். முகப்பில் பிரதானமாக மூன்றே கேள்விகள்: எங்கிருந்து, எங்கே, எந்தத் தேதி?

நான் வங்கிக்காரன். எங்களை மெனு எழுதச் சொன்னால் டிபார்ட்மெண்ட் பெயர்களைத்தான் வரிசையாக அடுக்குவோம். வாடிக்கையாளர் 'ரீடெயில் அசெட்ஸ்' என்றா தேடுவார்? 'வீட்டுக் கடன்' என்றுதானே! சாமா டிக்கெட் கிடைக்காமல் கவுண்டருக்கு வெளியே நின்றவர். அதனால் பயணி கேட்பதையே முன்னால் வைத்தார்.

2013-ல் ரெட்பஸ்ஸை ஐபிபோ வாங்கியது. கை மாறினாலும் அந்த மூன்று கேள்விகள் மாறவில்லை.

உங்கள் தொழிலுக்கு இணையதளம் போடுகிறீர்களா? வருகிறவர்கள் உங்களிடம் தினமும் கேட்கும் ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். மெனுவை அதிலிருந்து தொடங்கலாம்.