மறுமுறை எழுத வல்லவர் யார்?

தமிழகத்தில் தொழிற்கல்விக்கு 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. மேனிலைத் தேர்வை மறுபடி எழுதி உயர்த்திய மதிப்பெண்ணும் செல்லுபடியாயிற்று. ஓராண்டு கூலியின்றிக் காத்திருக்க நம் குடும்பங்களுள் எத்தனைக்கு இயலும்? 2005இல் அரசு இவ்விரண்டையும் நீக்கியது; அவ்வாணையை உயர் நீதிமன்றம் செல்லாதாக்கிற்று. நுழைவுத் தேர்வை 2006ஆம் ஆண்டுச் சட்டமே அகற்றியது.

2017இல் மருத்துவத்திற்கு நீட் வந்தது. ஆண்டுதோறும் எழுதலாம், எழுதிய ஆண்டின் மதிப்பெண்ணே கணக்கு. முதல் முறையில் பெற்றதா, மூன்றாம் முறையில் பெற்றதா என்று எவரும் கேட்பதில்லை. நீதியரசர் ஏ.கே.இராஜன் குழு 2021இல் தந்த கணக்கை நம் இளைஞர்கள் ஊன்றி நோக்க வேண்டுகிறோம். மறுமுறை முயன்றோர் 2016-17இல் நூற்றுக்கு 12 பேரளவே. 2020-21இல் 71 பேர். இதற்குப் பெயர் தகுதியாம்! அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020இல் கிடைத்த 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டுக்கும் நீட் மதிப்பெண்ணே வாயில்.